காலி நாற்காலிக்கு ஒரு வணக்கம்

மாலை சூடி வீற்றிருக்கும் மாண்புமிகு நாற்காலியே, மற்றவர் அதில் உட்காராதபடி ஆளுக்கொரு பக்கம் காவல் நிற்கும் வீரசாமி மாமா, மிசியே ஆன்ரி ஆகிய இரு தலைவர்களே, நம் தீவுத் துறைமுகத்து டிராங்கெபார்ப் பெரியோர்களே, அடுப்புப் புகையில் கண் சிவந்த தாய்மார்களே, வணக்கம்.

சத்தமாகப் பேசச் சொல்கிறீர்கள். முயல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

வேலைநிறுத்தத்தில் துறைமுக வேலை நின்றது. வீடுகளில் அரிசி தீர்ந்தது. சாந்த் குருவா கோயிலில் ஏழு கறி விருந்துக்கு வைக்கும் அண்டாவைக் கோவிந்தம்மா அக்கா கொண்டுவந்தார். ஜினெட் அக்கா விறகு கொண்டுவந்தார். உள்ளவர் போட்டார், பசித்தவர் உண்டார். யார் உத்தரவிட்டது? வயிறு முன்மொழிந்தது, வயிறே வழிமொழிந்தது.

பிறகு தலைவர்கள் வந்தார்கள். ஐக்கியச் சங்கத்து வீரசாமி மாமா, "இந்தச் சமையலுக்கு யாரு தலைவர்?" என்று கேட்டார்.

"முதல்ல வெங்காயம் உரிங்க மாமா, அப்புறம் சொல்றேன்" என்றார் கோவிந்தம்மா அக்கா. மக்களுக்காக மாமா கண்ணீர் விட்டது அன்றுதான்.

புரட்சிச் சங்கத்து மிசியே ஆன்ரி வரலாற்றின் படிகளை விளக்கினார். முதலில் கட்சி, பிறகு ஆட்சி, அதன் பிறகு சோறு. சோறு மூன்றாம் படியில், பிள்ளைகள் தரையில்.

முந்தாநாள் மிசியே ஆன்ரியின் ஆட்கள், எதிர்ச்சங்கத்து வீட்டுப் பிள்ளை என்று சின்னனைப் பந்தியிலிருந்து எழுப்பினார்கள். நேற்று கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற போலெத்தை வீரசாமி மாமாவின் ஆள் மறித்தார்.

"எந்தச் சங்கம்?"

"வீட்டுக்காரர் மூட்டை தூக்குறாரு. அந்தச் சங்கம்."

அது போதவில்லையாம். இடதுசாரிகளிடம் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

நான் போலெத்தின் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தேன்.

"தலைவரைக் கேட்டியா?"

"கேக்கல."

"அனார்ஷிஸ்த்" என்றார்கள் இரு தலைவர்களும் ஒரே குரலில். பொருள் கேட்டேன். தலைவரே வேண்டாம் என்பவளாம். அந்த முடிவுக்குச் சிலர் நூல் படித்து வருவார்களாம். நான் கரண்டியோடு வந்தேன்.

சிரிக்கிறீர்களா, மிசியே ஆன்ரி? சிரியுங்கள். முதலாளிக்கு எதிரே உங்கள் இருவர் பக்கத்திலும் நிற்பேன். உங்களுக்குக் கீழே மட்டும் நிற்க மாட்டேன்.

இந்த அடுப்புக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கத்தான் கூடியிருக்கிறோம். இவர் அமர்ந்தால் அவர் சங்கத்துப் பிள்ளைகள் பட்டினி. அவர் அமர்ந்தால் இவர் சங்கத்துப் பிள்ளைகள் பட்டினி. சம்மதமா? இல்லையென்றால் கையைத் தூக்க வேண்டாம், தட்டைத் தூக்குங்கள்.

பின்னால் ஜினெட் அக்கா சைகை காட்டுகிறார். விறகு தீர்ந்துவிட்டதாம்.

இந்த நாற்காலி நன்றாகக் காய்ந்த மரம். மாலையைக் கழற்றிவிட்டு யாராவது ஒரு கை பிடியுங்கள். இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. எல்லாரும் சாப்பிட வாருங்கள், வணக்கம்.