மேடில்லாத ஊரில் மேடு ஏறியவர்

"பாப்பா, ஒரு விடுகதை போடறேன். மேடே இல்லாத ஊர்ல, காலைலேருந்து மேடு ஏறிக்கிட்டே இருக்கறவன் யாரு? தெரியலையா? நான்தான்! ஆனா ஏன் அப்படி? அதுதான் கேள்வி. சரியாச் சொல்லிட்டா இந்த சைக்கிள்ல எது வேணுமோ எடுத்துக்கோ. மாமா தடுக்க மாட்டேன். ஆனா உன்னால சொல்ல முடியாது."

தாம் டேக் சாலையோரக் கரும்புச்சாறுக் கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாரித் தன் கிரமாத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரியின் மகள் ஸ்ரேபிச்சுக்கு எட்டு வயது. அம்மா பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த சிறுமி எழுந்து ஒரு டம்ளர் சாற்றை நீட்டிவிட்டு, மறுபடி வாளிமேல் உட்கார்ந்தாள்.

"விடை என்ன தெரியுமா? காத்து! எதிர்காத்து! என்ன மரத்தைப் பாக்கறே? இலை ஆடலையா? இது வேற மாதிரி காத்து, பாப்பா. தரையோட தரையா வந்து சக்கரத்தைப் பிடிக்கும். விடிகாலை அஞ்சு மணிக்கு ஸ்தோங்லேருந்து கிளம்பினேன். அறுபதே கிலோமீட்டர். இப்ப மணி என்ன? ஒண்ணரை! ஒரு எருமை என்னை முந்திக்கிட்டுப் போச்சு. போனது கூடப் பரவாயில்ல, திரும்பிப் பாத்துச்சு!

"தனியா எதுக்குப் போறேன்னு கேக்கறியா? கூட ஆள் வந்தா வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவான். எனக்குப் பிடிக்காது.

"எடை ஜாஸ்தியோன்னு எல்லாத்தையும் குடுத்துட்டேன். அடுப்பு ஒரு கடைக்காரம்மாவுக்கு. கொசுவலை ஒரு பிக்குவுக்கு. பல் பிரஷ்ஷோட பிடியைக்கூட உடைச்சுப் போட்டேன்... இப்ப பல்லு விளக்கினா விரலையும் சேத்து விளக்க வேண்டியிருக்கு. என்ன பிரயோஜனம்? துளிகூட லேசாகலை. சைக்கிள் மேல தப்பு சொல்லாதே! காலைல பிரேக் லொடலொடன்னுச்சு, நானே நல்லா முறுக்கி விட்டேன். மெக்கானிக்கெல்லாம் எதுக்கு?

"இந்த சீட்டு மட்டும்தான் எனக்கு ஆறுதல். தொட்டுப் பாரு, இலவம்பஞ்சு! இந்தக் கொக்கியைத் தூக்கினா கையோட வந்துரும். தலைக்கு வெச்சுத் தூங்கலாம். இது இல்லேன்னா நேத்தே செத்திருப்பேன்.

"சரி, விஷயத்துக்கு வரேன். நாலு மணிக்கு வருஷம் பொறக்குது. வாசல்ல பழமும் ஊதுபத்தியும் வெச்சுக்கிட்டு, புது வருஷத் தேவதை வானத்துலேருந்து எறங்கறதுக்கு எல்லாரும் காத்திருப்பாங்க. என் பொண்ணு கனிகா, 'எங்கப்பா புனோம் பென்லேருந்து சைக்கிள்லயே வராரு'ன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கு. என் மச்சான் வுத்தி, 'உங்கப்பன் வேன்லதான் வந்து எறங்குவான், பாரேன்'னு சொல்லிச் சிரிக்கறானாம். புள்ளை அழுதிருக்கு. ரெண்டு வேன்காரங்க நிறுத்திக் கூப்பிட்டாங்க, நான் ஏறலையே! ஆனா வீட்டுக்கு இன்னும் முப்பத்தஞ்சு கிலோமீட்டர். இப்படியே போனா தேவதை வந்து, சாப்பிட்டு, கையைக் கழுவிட்டுக் கெளம்பிருவா... ஏய், எங்கே போறே? நான் பேசிக்கிட்டிருக்கேன்ல?"

ஸ்ரேபிச் சைக்கிளுக்குப் பின்னால் போனாள். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கினாள். மற்றொரு கையால் சக்கரத்தைச் சுழற்றினாள். கால் சுற்று போவதற்குள் 'கிர்ர்க்' என்று நின்றது. பிரேக் கட்டை சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

சாரித் குனிந்து அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"நானே முறுக்கினது... அறுபது கிலோமீட்டரும் பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கேன்... பாப்பா, வுத்தின்னு யாராவது இந்தப் பக்கம் வந்தா, தயவுசெஞ்சு சொல்லிராதே!"

பிரேக்கின் திருகாணியைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார். பத்துவரை எண்ணியும் அது நிற்கவில்லை.

"அடேங்கப்பா! மூணரைக்கே போய் நிப்பேன்! கனிகா, அப்பா வந்துட்டேண்டா! சரி பாப்பா, நீதான் ஜெயிச்சே. சொன்னா சொன்னதுதான். எது வேணும்? இந்த மணி? கிளிங்னு அடிக்கும். கொடி? தண்ணி பாட்டில்? எதுவானாலும் எடுத்துக்கோ, சீக்கிரம்!"

ஸ்ரேபிச் வாளியைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள்.

கொக்கியைத் தூக்கி, சீட்டை எடுத்துக்கொண்டாள்.