பட்டினிக்காரர் உண்டோ

இரவு ஒன்பது மணி. நெய்யாற்றின்கரையைத் தாண்டி உள்ளே போகிற ரப்பர்த் தோட்டத்துச் சாலை... அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆட்டோகூட வராது.

நடந்தது நம்ம பிச்சைக்கனியின் மச்சான் பால்பாண்டிக்கு. பிச்சைக்கனி, நீ பேசாமல் இரு, உனக்குச் சொல்ல வராது. கரண்ட் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பூட்டிக் கிடந்த ஒரு பழைய தறவாட்டு வீட்டுக்கு, ஏதோ பெரிய குடும்பத்தின் பூர்வீக வீட்டுக்கு, பால்பாண்டி காவல். கூடவே மனைவி மாடம்மாள், கைக்குழந்தை. போன அன்றே பக்கத்து வீட்டு அம்மிணி சொன்னாள். அந்தக் காலத்தில் வாசற்கதவை அடைக்கும் முன் வீட்டுக்காரர் சாலையைப் பார்த்துக் கேட்பாராம், "அத்தாழப் பட்டினிக்காரர் உண்டோ?" என்று. இரவுச் சோறு கிடைக்காதவர் யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். உண்டு என்று குரல் வந்தால் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி வருவது நின்றது. அந்தக் கேள்வியும் நின்றது. கேட்பார்கள் என்று கஞ்சிக்குத் தேங்காய்ச் சிரட்டையோடு காத்திருந்தவர்கள் அந்தப் படியிலேயே செத்துப்போனார்கள்.

"வெறும் பானைய வச்சிட்டு விளிச்சுக் கேக்கப்படாது, கேட்டியா மோனே," என்றாள் அம்மிணி.

நம்ம ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் பரோட்டா தின்றுவிட்டு, சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வாசலில் நின்று விளையாட்டாகக் கூவினான். "பட்டினிக்காரர் உண்டோ..."

சாலை அப்படியே கிடந்தது. அப்புறம்... ரொம்பப் பக்கத்தில்...

"உண்டு."

வறண்ட தொண்டை. அதற்குப் பின்னால் இன்னொன்று, "உண்டு." தோட்டத்துக்குள்ளிருந்து ஒன்று. படிக்கல்லில் சிரட்டைகள் உரசின... சரக்... சரக்... புளித்த கஞ்சித்தண்ணீர் வாடை.

கதவைச் சாத்தித் தாழ் போட்டான். அடுப்படியில் குழந்தைக்கு வைத்த கஞ்சி மட்டும் இருந்தது.

"அதையாவது ஊத்திருவோம்ங்க. நாமளா கேட்டுப்புட்டு இல்லன்னு சொல்லலாமா?" மாடம்மாள் அழுதாள்.

"எம்புள்ளைக்கு என்னத்தக் குடுப்ப?" என்றான். கொடுக்கவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

விடிகிறவரை சிரட்டை உரசியது. பிறகு நின்றது.

அன்றைக்கே கிளம்பி டவுனுக்குள் ஆரியசாலைக்கு வாடகைக்கு வந்துவிட்டார்கள். குழந்தை நன்றாகத் தின்கிறது. எவ்வளவு ஊட்டினாலும் விலா எலும்பு தெரிகிறது. இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

ராத்திரி கதவை அடைக்கப் போகும்போது மட்டும் தெருப்பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லும்... அதே வறண்ட தொண்டையில்.

"உண்டு."