பன்னிரண்டாம் வாரத்தை வெற்றாக விட்டவருக்கு

பாடத்தைப் பார்க்கும் முன் படிப்பவர் முகத்தைப் பார்த்தவரே, சொல்லிக் கொடுக்கும் முன் கேட்டுக்கொண்டவரே, முப்பத்துநான்கு ஆண்டுகள் மூன்றாம் மாடிப் படிகளை மூட்டுவலியோடு ஏறி இறங்கி முதலாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொதுப்பாடம் வகுத்தவரே, எங்கள் ஒருங்கிணைப்பாளரே, வணக்கம்.

சென்ற ஆண்டு இதே அரங்கில் ஓய்வுபெற்ற வேறொருவருக்கு மடல் வாசித்தபோது நீங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் காதில், "இதுல ஆளை மாத்திட்டா யாருக்கு வேணும்னாலும் படிக்கலாம் போலிருக்கே" என்றீர்கள். அது எங்கள் காதிலும் விழுந்தது. ஆகவே உங்களுக்கு மட்டுமே பொருந்தும் மடலை எழுத முயன்றிருக்கிறோம். அதற்காக, ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் நீங்கள். இன்னொருவர் நம் அலுவலகத் தட்டச்சர். அவர் சம்மதித்துவிட்டார். மூன்றாம் வரிசை ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சம்மதத்தை நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பொதுப்பாடத்தைப் புதிதாக வகுக்கச் சொல்லி உங்களிடம் ஒப்படைத்தார்கள். நீங்கள் ஒரு பருவம் முழுவதும் துறை துறையாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். ஆசிரியர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதவில்லை. எத்தனையாவது நிமிடத்தில் பிள்ளைகளின் கண் சன்னலுக்குப் போனது என்பதை எழுதினீர்கள். பருவ முடிவில் குழுவின் முன் நீங்கள் வைத்தது பாடங்களின் பட்டியல் அல்ல, நடைவழியில் பிள்ளைகள் உங்களிடம் கேட்ட இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். "படிச்சது மறந்துபோச்சுன்னா படிச்சதா அர்த்தமா?" என்று ஒன்று. "வீட்டுல யாரும் படிக்கலை, நான் படிச்சதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று இன்னொன்று.

"மாணவரை நடுவுல வைக்கணும்கிறீங்க. சரி. அப்ப நாங்க எங்க உட்கார்றது?" என்று புள்ளியியல் பேராசிரியர் கேட்டார். குழு சிரித்தது.

"சுத்தி உட்காருங்க சார். யார் தூங்குறாங்கன்னு அப்பதான் எல்லாருக்கும் தெரியும்" என்றீர்கள். அதற்கும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

அப்படிப் பிறந்த பாடத்திட்டத்தில் பதினைந்து வாரங்கள். பதினான்குக்குத் தலைப்பு உண்டு, பன்னிரண்டாவதுக்கு இல்லை. ஒவ்வொரு வகுப்பும் நான்காம் வாரத்தில் கூடிப் பேசி, தான் படிக்க விரும்புவதைத் தானே முடிவு செய்ய வேண்டும். அதை நடத்த ஆள் தேடுவது உங்கள் வேலை. வாடகை ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்று ஒரு வகுப்பு கேட்டது. கோபம் வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இன்னொன்று. அச்சிட்ட பாடத்திட்டத்தில் மட்டும் அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

அந்தத் திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் தட்டச்சர் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம் ஆகியிருந்தது. தற்காலிக வேலை. தேர்வுப் பிரிவு பாடத்திட்டத்தின் சுத்தப் பிரதி கேட்டது, அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். பதினோராம் வாரம் முடிந்து அடுத்த கட்டத்தைப் பார்த்தவருக்குத் திக்கென்றது. நகல் எடுத்தபோது வரிகள் விட்டுப்போயிருக்கின்றன என்று நினைத்தார். நீங்கள் அன்று விடுப்பு. மாலைக்குள் பிரதி போயாக வேண்டும். அலமாரியில் பழைய பாடத்திட்டம் இருந்தது. அதன் பன்னிரண்டாம் வாரத்தை எடுத்து, எழுத்து பிசகாமல் வெள்ளைக் கட்டத்தில் நிரப்பினார். சொல்லாமலே ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம் என்ற நிறைவோடு அன்று வீடு போனாராம். வழியெல்லாம் மனம் லேசாக இருந்ததாம். இப்போதும் அந்த லேசான மனத்தைத்தான் தம்மால் மன்னிக்க முடியவில்லை என்கிறார்.

வெளியூரிலிருந்து வினாத்தாள் தயாரித்தவர் அந்தப் பிரதியை நம்பினார். இருபது மதிப்பெண்ணுக்குக் கட்டாயக் கேள்வி, பன்னிரண்டாம் வாரத்திலிருந்து. எந்த வகுப்பும் படிக்காத பாடம்.

பிள்ளைகள் பலர் எதையோ எழுதி ஒப்பேற்றினார்கள். நாற்பத்தொன்றாம் எண் மாணவி அப்படிச் செய்யவில்லை. அவள் வகுப்பு அந்த வாரம் படித்தது மருத்துவமனை கொடுக்கும் காகிதங்களை எப்படி வாசிப்பது என்பது. கேட்டவளே அவள்தான். அப்பாவின் காகிதங்களை நெகிழிப் பையில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தாள். கேள்வித்தாளைப் பார்த்தவள், "பன்னிரண்டாம் வாரத்தில் நாங்கள் படித்தது இது" என்று தலைப்பிட்டு எட்டுப் பக்கம் எழுதினாள். கேள்விக்குத் தொடர்பில்லை என்று குறித்துத் திருத்தியவர் சுழியம் போட்டார். நான்கு மதிப்பெண் குறைந்து அவள் தேறவில்லை. பொதுப்பாடத்தில் தேறாதவருக்கு விடுதியில் இடமில்லை என்பது அன்றைய விதி. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விசாரணையில் நீள மேசைக்கு ஒரு பக்கம் ஐந்து பேர், எதிரில் நீங்கள். கதவோரம் கோப்புக்கட்டை அணைத்துக்கொண்டு தட்டச்சர். வாக்கியத்தை இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "நான்தான் நிரப்பினேன்." இரண்டே சொல். தலைவர் "பிரதியை யார் தயாரிச்சது?" என்று கேட்டபோது அவர் கோப்புக்கட்டை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். அதற்குள் நீங்கள் "என் பொறுப்புல போனது" என்றுவிட்டீர்கள். யார் நிரப்பியது என்று மறுபடி கேட்டார்கள். "நான்" என்றீர்கள். அடுத்த மாதம் உங்களுக்கு வரவேண்டிய முதன்மையர் (டீன்) பதவி வேறொருவருக்குப் போனது.

படிக்கட்டில் தட்டச்சர் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தார். "நன்றி கின்றின்னு ஆரம்பிக்காதே. உனக்காக ஒண்ணும் சொல்லல" என்றீர்கள். "உன்னை வேலையை விட்டு அனுப்பிட்டு, விஷயம் முடிஞ்சதுன்னு கோப்பைக் கட்டிடுவாங்க. வெள்ளையா விட்டா ஏன் வெள்ளைன்னு ஒரு வரி எழுதணும். எழுதாதது நான். அழுதது போதும், அந்தப் பொண்ணு விலாசத்தை எடு."

மதிப்பெண்களைத் திருத்தி வெளியிட ஏழு வாரம் ஆயிற்று. திருத்திய சான்றிதழோடு நீங்களும் தட்டச்சரும் இரண்டு பேருந்து மாறிப் போனீர்கள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வழி சொல்ல, பொட்டலம் கட்டும் ஆலையின் வாசலில் காத்திருந்தீர்கள். இடைவேளை மணி அடித்ததும் தலையில் வலைத்தொப்பியோடு அவள் வந்தாள்.

"எட்டு நிமிஷம்தான் மேடம்."

சான்றிதழை நீட்டினீர்கள். அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"பாஸா? சரி."

"விடுதியில இடம் திரும்பக் கிடைக்கும்மா. நான் பேசிட்டேன்."

"தம்பி ரெண்டு பேர் படிக்கிறாங்க மேடம். இப்ப வர முடியாது."

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டாம் என்று திரும்பும் வழியில் சொன்னீர்களாம்.

"போன மாசம் போயிட்டாரு. எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னே சொல்லிட்டிருந்தாங்க. எனக்கு மட்டும்தான் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிஞ்சுது. அதனால கடைசி பத்து நாள் லீவு போட்டுட்டுக் கூடவே இருந்தேன்." சான்றிதழை மடித்துக்கொண்டே, "அந்த ஒரு வாரம் மட்டும்தான் மேடம் உருப்படியா இருந்துச்சு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு" என்றாள்.

பக்கத்தில் நின்ற தட்டச்சர் அப்போதாவது சொல்லிவிட நினைத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவள் வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஓடினாள்.

படிப்பை நிறுத்தியவரின் பெயர் பதிவேட்டில் நீடிக்க வேண்டுமானால், ஆண்டுதோறும் இதே மாதம் முப்பதாம் தேதியன்று பணியிலிருக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் பெயர் நீக்கப்படும், பிறகு அவர் திரும்பி வந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஒன்பது முறை தட்டச்சர் அந்தப் படிவத்தை அடித்தார், ஒன்பது முறை நீங்கள் கையெழுத்திட்டீர்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு கடிதம் போனது. இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டிலும் "இந்த வருடம் இல்லை" என்று மட்டும் இருந்தது.

நீங்கள் இன்று ஓய்வு பெறுகிறீர்கள், முப்பதாம் தேதி அடுத்த வாரம். உங்கள் இடத்துக்கு வருபவர் புள்ளியியல் பேராசிரியர். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: சென்ற மாதக் கூட்டத்தில் ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் பன்னிரண்டாம் வாரத்துக்கு நிலையான தலைப்பு வந்துவிட்டது. அந்த ஏழு கைகளில் சில, இந்த மடலின் கீழும் கையெழுத்திட்டிருக்கின்றன. நடத்த ஆளில்லை, நேரமில்லை, தேர்வு வைக்க வழியில்லை என்று பேசினோம். நீங்களோ, "சரி, குறிப்புல எழுதிக்கோங்க" என்றீர்கள். வாழ்த்த வந்த இடத்தில் இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

முந்தாநாள் காலை தட்டச்சர் பத்தாவது படிவத்தை அடித்து எடுத்துக்கொண்டு புள்ளியியல் பேராசிரியரின் அறைக்குப் போனார்.

"யாரும்மா இது?"

தட்டச்சர் நின்றபடியே முழுவதையும் சொன்னார். அந்த இரண்டு சொல்லையும் சொன்னார். ஒன்பது ஆண்டு மனப்பாடம், ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒன்பது வருஷமா வராதவ இனிமே வருவாளா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கு இது?"

"நீங்க போடலைன்னா, அவ இங்க படிச்சதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும் சார்."

அவர் படிவத்தை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். அன்று நீங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ. பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். "அடுத்த வருஷமும் நீயே கொண்டுவா. நான் மறந்துடுவேன்" என்றார்.

பெருந்தகையே, உங்கள் பாடத்திட்டத்தைக் காக்க எங்களால் முடியவில்லை. காக்க முடிந்தது ஓர் எண்ணை மட்டும். அதைப் பரிசாகச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, ஆனால் வேறெதுவும் கையில் இல்லை. மூட்டுவலி தணிந்து, மாடிப்படி இல்லாத வீட்டில், நீங்கள் நெடுநாள் நலமோடு இருக்க வேண்டும். கடிதத்துக்கு என்றாவது வேறு பதில் வந்தால், அதை நாங்கள் வாசித்துக் காட்டும்போது கேட்க நீங்கள் இருக்க வேண்டும்.

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவர் எங்களைக் கூப்பிட்டு, "பதினோரு பேர் கையெழுத்து இருக்கு, கடைசிக் கோடு காலியா கிடக்கே, யாரோ விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். தட்டச்சர் பதில் சொன்னார்: "இல்லண்ணே. அது அப்படியே இருக்கட்டும்."

அந்த ஆண்டுக்குப் பின் ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் பன்னிரண்டாம் வாரத்தின் கீழ் நீங்கள் அடிக்கச் சொன்ன வரியையே, கடைசிக் கோட்டின் கீழும் அவர் அடித்திருக்கிறார்.

அன்புடன்,
பொதுப்பாடப் பிரிவின் ஆசிரியர்களும் அலுவலர்களும், பதினோரு பேர்

எண் 41: ..............................
இந்த இடம் தெரிந்தே வெற்றாக விடப்பட்டது. யாரும் நிரப்ப வேண்டாம்.