வாட்சில் ஒரு சின்ன முள்

அவள்: வாட்சைக் காட்டுங்க. அந்தச் சின்ன முள் எங்க நிக்குது?

அவர்: நேரம் பாக்கத்தானே வாட்ச்? இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு சொல்லத் தனியா ஒரு முள்ளு... இதை வாங்கிக் கொடுத்த உன் தம்பிக்கு வேற வேலையே இல்ல.

அவள்: நின்னப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இது முன்னாடியே சொல்லுதுல்ல. பேட்டரி கிடையாது, கையை ஆட்டினா முள் ஏறும், சும்மா வெச்சிருந்தா இறங்கும்.

அவர்: அக்காவும் தம்பியும் சேந்து எனக்கு வாத்தியார் வெச்சிருக்கீங்க.

அவள்: இடது கையை ஆட்டுங்க, ஆட்டுங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கேட்டீங்களா? அட... மேலதானே நிக்குது!

அவர்: நிக்கும், நிக்கும். தையல் மிஷினை நிறுத்திட்டுக் கேளு. என் கட்டிங் டேபிளை விலைக்கு வாங்கிக்க சாயங்காலம் ஆள் வரார்.

அவள்: யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?

அவர்: வாதம் வந்து விழுந்த கை. துணியைப் பிடிக்க முடியாதவனுக்கு டேபிள் எதுக்கு?

அவள்: கை அசையலேன்னா முள் எப்படிங்க மேல நிக்கும்?

அவர்: நான் கழட்டி வெச்சுட்டுக் குளிக்கப் போறப்ப, நீ சாவி கொடுத்தா நிக்கும்.

அவள்: இருங்க, இந்தத் தையலை முடிச்சுடறேன்.

அவர்: என்ன, ஊசியில நூல் கோக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்ட?

அவள்: கொடுத்தேன். இல்லேங்கல. முள் கீழ கிடந்தா மனசு விட்டுடுவீங்களேன்னு... ஆனா போன வாரம் எடுத்துப் பாக்கறேன், தானா ஏறிக்கிடக்கு. முந்தின நாள் கொடுத்த சாவியா இருக்கும்னு விட்டுட்டேன். மறுநாளும் அப்படியே! அதுக்கப்புறம் நான் தொடவே இல்லீங்க.

அவர்: பொய்.

அவள்: சத்தியமா.

அவர்: அப்ப ஏன் சொல்லல?

அவள்: சொன்னா இறங்கிடுமோன்னு பயம்... நாள் பூரா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க, எப்படி ஏறுச்சுன்னு எனக்கே புரியல.

அவர்: நீ சாவி கொடுத்ததை முதல் நாளே கண்ணாடியில பாத்துட்டேன்டி. மிஷின் ஓட்டி ஓஞ்ச கை, எனக்காக இதையும் திருகுதேன்னு... ரோஷம். நீ பட்டன் வாங்கப் போறப்பல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினேன். அப்பவும் ஏறினதெல்லாம் உன் சாவின்னுதான் நெனச்சேன்... சரி, அந்த ஆளை வரவேணாம்னு சொல்லணும். போன் எங்க? ம்ஹூம், நீ எடுக்காத... இந்தக் கைக்கே எட்டும்.