அம்மச்சியின் அளவு

— செத்தவங்களுக்கு யாராவது உள்பாடி வாங்குவாங்களாடீ? சேலை, ரவிக்கை, வெள்ளைக் கையுறை, அவ்வளவு போதும்னு மார்ச்சுவரியில சொல்லிட்டாங்க. வா பின்சி, கடை வாசல்ல பேபிச்சாயன் கார்ல உக்காந்து ஹாரன் அடிக்கறார்.

— உன் வீட்டுக்காரர்தானே, அடிக்கட்டும் சேச்சி. சவப்பெட்டிக்குப் பித்தளைக் கைப்பிடியா வெள்ளிக் கைப்பிடியான்னு அவர் காலையில பாதி நேரம் நின்னாரில்ல, அப்போ நான் ஹாரன் அடிச்சேனா?

— அது நாலு பேர் பார்க்கறதுடீ.

— இது நம்மளைப் பெத்த அம்மச்சி கேட்டது. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பெட்டியில வைக்கும்போதாவது இறுக்காத ஒண்ணு போட்டுவிடு மோளே"ன்னாங்க. பிஷப்பைக் கேக்கலை, பேண்டு வாத்தியம் கேக்கலை. இது ஒண்ணுதான்.

— மெல்லப் பேசு. இந்தக் கோட்டயத்துல பாதிப் பேர் நமக்குச் சொந்தம், மீதிப் பேர் அவங்களுக்குச் சொந்தம்.

— வாங்க மேடம், உள்ள வாங்க. இங்க எல்லாரும் லேடீஸ்தான், கூச்சமே வேண்டாம். யாருக்குப் பார்க்கறீங்க?

— எங்க அம்மாவுக்கு.

— சைஸ் சொல்லுங்க.

— நாப்பத்திரண்டு.

— கப்பு?

— அதெல்லாம் யாரு கண்டா? மார்க்கெட் கடையில அம்மச்சி "நாப்பத்திரண்டு"ன்னு பாதிரியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரி முணுமுணுப்பாங்க. கவுண்டர்ல நிக்கற ஆளு கூரையைப் பார்த்துக்கிட்டே பேப்பர்ல சுத்திக் கொடுப்பான்.

— எல்லாரும் பண்ற தப்பு மேடம். மார்பு பெருசுன்னா நம்பரைக் கூட்டிக்கிட்டே போறது. பட்டி லூசாகி முதுகுல ஏறும், கப்பு பத்தாம முன்னால பிதுங்கும், பாரம் பூரா தோள்ல தொங்கும். அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, நானே அளந்து கொடுக்கறேன்.

— அவங்களால வர முடியாது.

— நடக்க முடியலையா? பரவாயில்ல மேடம், வீட்டுக்கே வந்து அளக்கற சர்வீஸும் இருக்கு.

— மார்ச்சுவரியில இருக்காங்க. நாளைக்கு அடக்கம்.

— ஐயோ… மேடம், ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். அளவு சரியில்லைன்னா திருப்பி எடுத்துக்க மாட்டோம்.

— கேட்டியா பின்சி? கர்த்தாவே, இந்த மானக்கேட்டுக்கா என்னை இழுத்துட்டு வந்தே? இரு, போன்ல சன்னி கூப்பிடறான். சொல்லுடா… இறங்கிட்டியா? லக்கேஜ் எல்லாம் வந்துருச்சா?… என்ன வாசகம்?… நல்லாத்தான் இருக்கு… பாதிரியாரும் பிரசங்கத்துல அதையேதான் சொல்றாராமா? சரி, பெருசா அடிக்கச் சொல்லு.

— மெல்போர்ன் மகாராஜா என்ன சொல்றார்?

— தம்பியை அப்படிச் சொல்லாதே. வாசல்ல கட்டற பேனருக்கு ஒரு வரி யோசிச்சிருக்கான். "தலை நிமிராத தாழ்மையின் தாய், சோசாம்மா."

— தாழ்மையா? உள்பாடிக் கொக்கி சேச்சி, கொக்கி! முதுகு வலியில நிமிர முடியலை. நிமிர்ந்தா கல்யாண வீட்டுல அத்தனை ஆம்பளைக் கண்ணும் கழுத்துக்குக் கீழ இறங்கும். "குடும்பப் பொண்ணு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்க மாட்டா"ன்னு அப்பச்சன் வேற சங்கீதம் வாசிக்கற மாதிரி வாசிப்பார். வேற வழியில்லாம குனிஞ்சவளைப் பார்த்து ஊரு புண்ணியவதின்னு கும்பிட்டுது.

— பெத்த அப்பச்சனை இழுக்காதே. அவரும் கல்லறையில இருக்கார்.

— இருக்கட்டும். உள்பாடியைக் கொடியில துண்டுக்கு அடியில ஒளிச்சுக் காயப்போடச் சொன்னது அவருதானே? ஆடி மழையில அது என்னிக்குக் காஞ்சது? ஈரத்தோட மாட்டிக்கிட்டுப் பூசைக்குப் போவாங்க. மார்புக்கு அடியில எப்பவும் புண்ணு. ஆஸ்பத்திரியில நான்தான் துடைச்சுவிட்டேன் சேச்சி. தோள்ல விரல் புதையற பள்ளம். கிணத்துச் சுவர்ல கயிறு தேய்ச்ச தடம் மாதிரி. நீ பார்த்திருக்கியா?

— நான் எங்கே பார்த்தேன்? எனக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, நான் அப்பச்சன் வாகு. பலகை. எது போட்டாலும் எனக்கு ஒண்ணுதான். நீதான் அம்மச்சி வார்ப்பு.

— மேடம், அம்மாவும் நீங்களும் ஒரே வாகா?

— அச்சு அசல். ரெண்டு பேரும் ஒரே அலமாரித் தட்டுலேர்ந்துதான் எடுத்துப் போடுவோம். எது யாருதுன்னு எங்களுக்கே தெரியாது.

— அப்போ உங்களை அளந்தாப் போச்சு. வாங்க. கையைத் தூக்குங்க. மூச்சை விடுங்க… விடுங்க மேடம், வயித்தை எக்காதீங்க, இங்க யாரும் பொண்ணு பார்க்க வரலை. ம். முப்பத்தாறு. கப்பு ஜி.

— ஜியா? கர்த்தாவே, நான் ஏ-யையே இன்னும் தாண்டலை.

— இந்த அளவுல ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு மேடம். சந்தனக் கலர். சொல்லிவிட்டா பெங்களூர்லேர்ந்து வரும், ஆனா மாசக்கணக்காகும்.

— ஒண்ணு போதும். நாளைக்குத்தானே வேணும். சந்தனக் கலர்னா வெள்ளை ரவிக்கைக்குள்ள தெரியாது.

— உள்ள போய்ப் போட்டுப் பாருங்க. முன்னால குனிஞ்சு மாட்டிக்கிட்டு, அப்புறமா மெதுவா நிமிருங்க.

— சட்டுனு வாடீ. மார்ச்சுவரிக்காரன் சாயா குடிக்கப் போறதுக்குள்ள துணியைக் கொடுக்கணும்.

— …சேச்சி.

— என்ன, பத்தலையா?

— கதவுகிட்ட வாயேன்.

— வந்துட்டேன். சொல்லு.

— எங்கேயும் வலிக்கலை.

— அப்போ அளவு சரிதான். கழட்டிக் கொடு, பில் போடச் சொல்றேன்.

— இரு. கையைத் தூக்கிப் பார்த்தேன், மேல ஏறலை. போர்டுல எழுதற மாதிரி எழுதிப் பார்த்தேன். கிளாஸ்ல நான் ஒரு கையால எழுதிக்கிட்டே இன்னொரு கையால முதுகுல இழுத்து விட்டுக்கிட்டே இருப்பேன் சேச்சி. அதுக்குப் பசங்க எனக்கு ஒரு பட்டப் பேரு வச்சிருக்காங்க.

— என்ன பேரு?

— அது வேண்டாம். அம்மச்சி இருக்கும்போதே சொல்லலை… சேச்சி, நான் இவ்வளவு உயரமா?

— நீ அம்மச்சி உயரம்தான்.

— அப்போ அம்மச்சி இவ்வளவு உயரமா இருந்தாங்களா? நாம பார்த்ததே இல்லையே.

— அழாதேடீ. பாரு, எனக்கும் வருது. உள்ளேயே உக்காந்துட்டியா?

— உக்காரலை. நிக்கறேன். நேரா நிக்கறேன்.

— மேடம், அடுத்த கஸ்டமர் காத்துக்கிட்டிருக்காங்க…

— இரும்மா, துக்க வீட்டுக்காரங்க. பின்சி, நீ சொன்னதுதான் சரி. நான்தான் மக்கு. மார்ச்சுவரியில யாரையும் தொட விட மாட்டேன், நானே என் கையால அம்மச்சிக்குப் போட்டுவிடறேன். பொண்ணுங்கன்னு பெத்ததுக்கு இந்த ஒண்ணாவது செஞ்சோம்னு இருக்கட்டும். கொடு மோளே.

— நாளைக்குப் பெட்டிக்குப் பக்கத்துல நாமெல்லாம் நிக்கணுமில்ல சேச்சி? போட்டோ எடுப்பாங்க.

— ஆமா, வீடியோவும் உண்டு. சன்னி ஏற்பாடு பண்ணியிருக்கான். அதுக்கென்ன இப்போ?

— நான் இதைக் கழட்டலை.

— என்னது? அப்போ அம்மச்சிக்கு?

— நான் போட்டுட்டு வந்தது இங்க தொங்குது, கதவு மேல போடறேன், பிடிச்சுக்கோ. அம்மச்சிக்குப் பழகின அளவுதான்.