வெளிச்சம் தின்னுத சாயம்

…வெளிச்சத்தைத் தின்னுத பண்டத்தைக் கறுப்புத்தாளுல சுத்தி பீரோவுல பூட்டி வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ரயிலு ஆடுது, பைய உக்காருங்க, கூடை இடிக்கும்.

எம்மவன் காந்திமதிநாதன் மெட்ராஸ்ல ஆராய்ச்சி படிக்கான். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்னு ஒண்ணு இருக்காம்லா, டிவி ரிமோட்டை அமுக்குனா அதுதான் வருதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் படிப்பு. கண்ணாடிச் சில்லுல வெள்ளையா ஒரு பூச்சு. அதுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. மேல பச்சைச் சாயம் ஏத்துனா, சாயம் வெளிச்சத்தைத் தின்னுட்டு, தின்னதைக் கரெண்டா பூச்சுகிட்ட குடுத்துருமாம். பொங்கலுக்கு வந்தப்ப காட்டுனான். நான் ரிமோட்டை அமுக்குதேன், மீட்டர்ல முள்ளு துள்ளுது. விளக்கேத்தப் போனவ அதை மறந்துட்டு இருபது தடவை அமுக்குனேன்னா பாத்துக்கிடுங்க.

முந்தாநேத்து போன் பண்ணுதான். பெரிய வாத்தியாருமாரு முன்னால தாளைப் பிரிச்சா வெறும் வெள்ளைச் சில்லாம். முள்ளு அசையலை. "ஞானசிகாமணிதாம்மா, சாயம் ஏத்தாத சில்லை மாத்தி வச்சுட்டான்"ங்கான். அறையில கூட இருக்க பிள்ளை அண்ணாச்சி, நம்ம தச்சநல்லூர்ப் பிள்ளை. வீட்டுக்கு வந்தா மூணு தடவை சொதி கேட்டு வாங்கிச் சாப்பிடும். அது பேருல இன்னைக்கு புகார் எழுதிக் குடுக்கப் போறானாம். குடுத்தா அதோட படிப்பு போச்சு.

"வெயிலு பட்டா வெளுத்துரும்னுதான பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்"னு அப்பதான் சொல்லுதான். இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? திங்கும்னு மட்டும் சொன்னா பெத்தவ என்ன நெனைப்பா?

அந்தப் பொங்கல் லீவுல அவன் ஏரல் கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கு பீரோவைத் தொறந்தேன். சாயம் மூணு நாளா பட்டினி கெடக்கேன்னு மனசு கேக்கலை. மொட்டை மாடியில, மோர்மிளகாய்க்குப் பக்கத்துல, நல்ல வெயிலா பாத்து வச்சேன். சாயங்காலம் பச்சை போயி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. வயிறு நெறஞ்ச பிள்ளை மாதிரி தெளிஞ்சிருக்குன்னு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு, பழையபடி சுத்தி வச்சுட்டேன்.

சிரிக்கியளா? சிரிங்க. நானும் நெல்லையப்பர் சன்னதியில அழப் போனவதான், அங்கன நின்னு சிரிச்சுட்டு வந்தேன்.

போன்ல சொல்ல வாய் வரலை. நான் வார வரைக்கும் ஒண்ணும் எழுதாதலேன்னு மட்டும் சொன்னேன். ஞானசிகாமணியையும் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கேன்.

தாம்பரமா? எறங்கணுமா? போயிட்டு வாங்க அண்ணாச்சி. இதோட ஏழு பேருகிட்ட சொல்லிப் பழகிட்டேன். இன்னும் ரெண்டு பேருதான் பாக்கி.