இரண்டு டோக்கன்களையும் நானே கொடுத்தேன்

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது இருபத்தாறு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். நானும் என் அம்மாவும், வயது அறுபத்தொன்று, இந்தத் துறைமுக நகரைச் சுற்றிப் பார்க்க இன்று காலை ரயிலில் வந்தோம். பழைய சுங்க மாளிகையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்த பிறகு, இரண்டு மணிப் படகில் கடற்கோட்டைத் தீவுக்குப் போனோம். படகில் ஏறும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்கிறார்கள். எல்லா டோக்கனும் வந்துவிட்டால் தீவில் யாரும் இல்லை என்று கணக்கு. எங்காவது தொலைத்துவிடுவேன் என்று அம்மா தன் டோக்கனையும் போனையும் என் பையில் போட்டுவிட்டார்.

அதன் பிறகு அம்மாவுக்கு முட்டி வலித்ததால், கோட்டைச் சுவருக்கு வெளியே கடலை ஒட்டிய பீரங்கி மேடையில், நிழலில் உட்காரவைத்தேன். அங்கே போய்வர ஒரே ஒரு இரும்புக் கதவு. நான் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தனியாக இருக்க விரும்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"மெதுவா வாடி. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார்.

அதன் பிறகு மணிக்கூண்டில் இருந்தபோது கடைசிப் படகின் ஹாரன் கேட்டு, வேறு படிக்கட்டு வழியாக இறங்கி ஓடினேன். படகின் முன்பக்கம் அம்மாவின் ஊதாக்குடை தெரிந்தது. முன்னாலேயே ஏறிவிட்டார் என்று நினைத்து, இரண்டு டோக்கன்களையும் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன். நான் சொன்னதை அம்மா ஒருநாளும் மீறியதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கரையில் இறங்கிய பிறகு பார்த்தால், குடை ஒரு கைக்குழந்தைக்காரியிடம் இருந்தது. "உங்கம்மாதான்க்கா குடுத்தாங்க. எனக்கு நிழல் இருக்கு, புள்ளைக்கு வெயில் படாம பிடிச்சுக்கோன்னாங்க" என்றாள்.

உடனே கோட்டைக் காவலாளியிடம் ஓடினேன். அவரும் அதே படகில் வந்திருந்தார்.

"நாப்பத்திரண்டு போச்சு, நாப்பத்திரண்டு வந்துருச்சு. ரூமுக்குப் போய்ப் பாரும்மா, உனக்கு முன்னாடியே போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பாங்க."

"கதவைப் பூட்டுறதுக்கு முன்னாடி மேடையை எட்டிப் பாத்தீங்களா?"

"டோக்கன் சரியா இருந்தா எதுக்கும்மா எட்டிப் பாக்கணும்?"

நாங்கள் அறை எதுவும் எடுக்கவில்லை. அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். எழுத்தில் இல்லாமல் ரோந்துப் படகு போகாது என்று ஏட்டு ஐயா சொன்னதால் இதைச் சொல்கிறேன். ஏழரை மணிக்குக் கடல் முழுதாக ஏறும் என்று கோட்டைப் பலகையில் எழுதியிருக்கிறது. மதியம் அதை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேடைச் சுவரில் பச்சைப் பாசி என் தோள் உயரம் வரை இருந்தது. அம்மா என்னைவிடக் குள்ளம்.

எழுதியதைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். இரண்டு எழுத்துப்பிழைகள் கண்ணில் பட்டன, திருத்தச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மை. இப்போது மணி ஆறு நாற்பது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். படகை எடுங்கள் ஐயா.

(ஒப்பம்)